புதிதாகச் சேர்ந்தவரோடு யார் உட்காருகிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

படித்து முடித்து வரும் பிள்ளைகள் வேலையில் ஆறு மாதம்கூடத் தாங்குவதில்லை என்று பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வட்டாரத்து மனிதவள அதிகாரிகள் குறைப்பட்டுக்கொள்வது புதிதல்ல. அந்த ஆறு மாதத்தில் அவர்களோடு யார் உட்கார்ந்து பேசினார் என்று கேட்டால்தான் பதில் வராது.

பயிற்சிக்குப் பணம் இல்லாமல் இல்லை. 2001-ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டு நிறுவனச் சட்டத்தின் கீழ் வரும் துறைகளில், பத்தும் அதற்கு மேலும் மலேசிய ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளிகள் அந்த ஊழியர்களின் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மாதந்தோறும் மனிதவள மேம்பாட்டு லெவியாக, அதாவது பயிற்சிக்கான கட்டாயக் கட்டணமாக, கட்டுகிறார்கள். அதில் பெரும்பங்கு ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள், மதிய உணவு, கடைசியில் ஒரு சான்றிதழ் என்று கரைகிறது. எக்செல் கற்க, பாதுகாப்பு விதி கற்க அது போதும். "இந்த வேலையைச் சொன்ன நாளுக்குள் முடிக்க முடியாது" என்பதை மேலாளரிடம் எப்படிச் சொல்வது என்பதை முப்பது பேர் கூடிய மண்டபத்தில் கற்றுத்தர முடியாது. அதற்குத்தான் ஒருவருக்கு ஒருவர் அமர்ந்து, கேள்வி கேட்டே வழி காணவைக்கும் கோச்சிங்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே தொடங்குவது வீண். எது தெரியவில்லை என்பதே அப்போது தெரியாது. மூன்றாவது வாரம் சரியாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 45 நிமிடம், மொத்தம் ஆறு அமர்வு. முந்தின நாளே ஊழியர் அரைப்பக்கம் எழுதித் தர வேண்டும்: எங்கே தடுமாறினேன், என்ன மாற வேண்டும். 1980-களில் பிரிட்டனில் உருவான 'குரோ' (GROW) என்ற கோச்சிங் முறை இதற்குப் பொருந்தும். இலக்கு, இப்போதைய நிலை, இருக்கும் வழிகள், எந்த நாளுக்குள் எதைச் செய்வேன் என்ற உறுதி, இந்த வரிசையில் பேச்சு போகும். கடைசியில் சொன்ன உறுதிதான் மிக முக்கியம். அடுத்த அமர்வுக்குள் செய்து பார்க்க ஒரு சின்ன வேலை இல்லையென்றால் அது வெறும் அரட்டைதான்.

ஓர் எடுத்துக்காட்டு. திங்கட்கிழமைக் கூட்டத்தில் பழுது விவரம் சொல்லும்போது இளம் பொறியாளருக்கு நா எழவில்லை. "தைரியமாகப் பேசு" என்பதால் ஒன்றும் ஆகாது. எந்தக் கேள்வியில் நிற்கிறாய் என்று கேட்டுத் தோண்டினால், எத்தனை பழுது, எப்போதிருந்து, தடுக்க என்ன செய்தாய் என்ற மூன்றுதான் திரும்பத் திரும்ப வருவது தெரியும். மூன்றுக்கும் தலா ஒரு வரி பதில் எழுதி, கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுவது, அதுதான் அந்த வாரத்து வேலை. இரண்டு மேலதிகாரிகள் ஆளுக்கொரு வேலையை ஒரே நாளில் முடிக்கச் சொன்னால், "எதை முதலில் முடிக்கட்டும்?" என்று இருவருக்கும் ஒரே மின்னஞ்சல். சொன்னால் எளிதாகத் தெரிகிறது. முதல் வேலையில் இருப்பவர் அதைக் கேட்கப் பயந்து, இரண்டையும் அரைகுறையாக முடித்துவிட்டு ஏச்சு வாங்குவார்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஆள் தேர்வில். வேலை நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவரே கோச்சாக உட்கார்ந்தால் யாரும் உண்மை பேச மாட்டார்கள். வேறு பிரிவு மூத்தவர் நல்லது. பேசியது அறையைத் தாண்டக்கூடாது என்பதை முதல் நாளே இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் மூத்தவர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு, வாயைத் திறந்தால் தங்கள் காலத்துக் கதை வந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு நேரம் இளையவர் பேச வேண்டும் என்பது கறாரான விதியாக இருக்கட்டும்.

வெளியாளை அமர்த்துவதானால் அவர் பெற்ற பயிற்சியைக் கேளுங்கள். யார் வேண்டுமானாலும் தம்மைக் கோச் என்று சொல்லிக்கொள்ளலாம். சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பின் தொடக்கநிலைச் சான்றுக்கே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் தேவை. லெவியிலிருந்து செலவு செய்வதானால் பயிற்சி தொடங்கும் முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் பெறவேண்டும்.

நிறுவனம் எதுவும் செய்யாவிட்டால், இளையவர்கள் தொழிற்பயிற்சிக் காலத்து மேற்பார்வையாளரிடம் மாதம் அரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள். "வழிகாட்டுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், ஒரே ஒரு சிக்கலை எழுதி அனுப்பிவிட்டுக் கேளுங்கள். நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
மனிதவளப் பயிற்சித் துறை வாசகர்கள்,
பினாங்கு