பரிசுத் தொகையோடு கழிவையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போக்கர் சீட்டாட்டப் போட்டியில் இன்னார் இத்தனை கோடி வென்றார் என்ற செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. முதல் பரிசு எவ்வளவு, வென்றவர் எந்த ஊர்க்காரர் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆடியவர்கள் கட்டிய பணத்தில் சூதாட்ட விடுதி எவ்வளவு எடுத்துக்கொண்டது என்ற ஒரு வரி மட்டும் இருப்பதில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பிறகு, அதுவரை கைப்பேசியில் ஆடிக்கொண்டிருந்த எங்கள் மன்னார்குடிப் பக்கத்து இளைஞர்கள் சிலர், விடுமுறை கிடைத்தால் கோவாவின் பணஜிக்கு ரயிலேறி மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ எனும் சூதாட்ட விடுதிக் கப்பல்களுக்குப் போகிறார்கள் என்பதால், அந்த ஒரு வரி இப்போது நமக்கும் தேவைப்படுகிறது.

போக்கர் போட்டியில் ஆடுபவர் விடுதியை எதிர்த்து ஆடுவதில்லை. எல்லோரும் கட்டும் நுழைவுத் தொகை ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, விடுதியின் கட்டணமும் ஊழியர்களுக்கான பங்கும் முதலிலேயே கழிக்கப்பட்டு (இவ்விரண்டையும் சேர்த்துத்தான் கழிவு என்கிறேன்), மிச்சம்தான் பரிசாகப் பங்கிடப்படுகிறது. யார் வென்றாலும் விடுதிக்கு நட்டமில்லை. இவ்வளவு பரிசு நிச்சயம் என்று முன்கூட்டி விளம்பரம் செய்துவிட்டு, அதற்கேற்ற கூட்டம் சேராமல் போனால் மட்டும் குறைகிற தொகையை அது தன் கையிலிருந்து போட வேண்டியிருக்கும்.

லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 2023-ஆம் ஆண்டு 10,043 பேர் தலைக்கு 10,000 டாலர் கட்டி ஆடினார்கள். பரிசாகப் பங்கிடப்பட்டது 9,33,99,900 டாலர். வகுத்துப் பார்த்தால், ஒருவர் கட்டியதில் 9,300 டாலர் பரிசுக்கும் 700 டாலர் கழிவுக்கும் போயிருப்பது தெரியும். இது 7 விழுக்காடுதான் என்றாலும் மொத்தத்தில் 70 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. அதே தொடரில் 2015-இல் 'கொலோசஸ்' என்ற பெயரில் 565 டாலர் நுழைவுத் தொகைக்கு நடந்த போட்டியில் 65 டாலர் கழிந்து 500 டாலர் பரிசுக்குச் சென்றது. இங்கே கழிவு பதினொன்றரை விழுக்காடு. கேசினோக்களில் அன்றாடம் நடக்கும் சிறு போட்டிகளில் இது 20 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். ஆக, குறைவாகப் பணம் கட்டுகிறவரிடம்தான் கழிவின் விகிதம் அதிகம்.

இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்பது பேர் அமரும் மேசைக்குச் சீட்டுப் போட ஓர் ஊழியர் வேண்டும். கட்டிய தொகை பத்தாயிரமானாலும் நூறானாலும் அவருக்கு மணிக்கணக்கில் தரவேண்டிய கூலி ஒன்றுதான். ஆனால் அந்த விகிதம் ஆடுபவரை என்ன செய்கிறது என்று பாருங்கள். 20 விழுக்காடு கழியும் போட்டியில் நூறு ரூபாய் கட்டினால், பரிசுத் தொகையில் சராசரி ஆட்டக்காரரின் பங்கு எண்பது ரூபாய். போட்ட முதலை மட்டும் திரும்ப எடுக்கவே ஒருவர் சராசரியைவிட 25 விழுக்காடு கூடுதலாக ஈட்ட வேண்டும். 7 விழுக்காடு கழியும் போட்டியில் ஏழரை விழுக்காடு கூடுதல் போதும். திறமையால் வெல்லலாம் என்று நம்பிச் செல்லும் புதியவர் அமர்வதோ முதல் வகை மேசையில்தான்.

என் தங்கை மகன் அப்படி ஒரு போட்டியில் ஆடிவிட்டு வந்து ரசீதைக் காட்டினான். கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் என்பதால் இருபுறமும் திருப்பிப் பார்த்தேன். நுழைவுத் தொகை, வரிகள் உட்பட, என்று ஒரே வரி. பக்கத்தில் ஒரே எண். பரிசுக்கு எவ்வளவு, விடுதிக்கு எவ்வளவு, ஊழியருக்கு எவ்வளவு என்ற பிரிப்பே இல்லை. ஆடுவதற்குத் தரப்படும் சில்லுகளில் ஆயிரக்கணக்கில் எண்கள் அச்சிட்டிருக்கும். அவற்றுக்குப் பண மதிப்பு கிடையாது என்பதை அவன் அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டான். முதல் சுற்றுகளில் தோற்றவர் மறுபடி பணம் கட்டி உள்ளே வரலாம் என்பதைச் சலுகைபோல் அறிவிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கழிவும் புதிதாக எடுக்கப்படுகிறது என்பதை யாரும் சொல்லவில்லையாம்.

நம் ஊர்களில் ஏலச்சீட்டு கட்டாத குடும்பம் குறைவு. சீட்டு நடத்துபவரின் கமிஷனுக்கு 1982-ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டம் 5 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தது; 2019-இல் திருத்தி அதை 7 விழுக்காடாக உயர்த்தினார்கள். ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பதால் சீட்டுச் சேரும் கூலித் தொழிலாளிக்குக்கூடக் கமிஷன் எவ்வளவென்று தெரியும். பலர் பணத்தைத் திரட்டிச் சிலருக்குக் கொடுக்கும் இன்னொரு ஏற்பாட்டில், திரட்டுபவர் வைத்ததுதான் கமிஷன் என்று விட்டுவிட என்ன காரணம் இருக்கிறது?

விடுதியின் வருமானம் சட்டத்துக்கு அற்ப விஷயமும் அன்று. செகந்திராபாத் மன்றம் ஒன்றில் ரம்மி ஆடிய வழக்கில், அது திறமை ஆட்டம் என்று 1967-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து மன்றம் லாபம் ஈட்டுவதற்குச் சான்று இருந்தால் அது குற்றமாகலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. கோவாவில் கேசினோக்களுக்கு மாநில அரசே உரிமம் தருவதால் அங்கே நிலை வேறு. உரிமம் தருகிற அரசு, கழிவைப் பிரித்து ரசீதில் அச்சிட வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்ப்பது கடினமான காரியமல்ல.

வரியையும் இதோடு பார்க்க வேண்டும். கேசினோவில் கட்டும் முழுத் தொகைக்கும் ஜி.எஸ்.டி. 2023 அக்டோபர் முதல் 28 விழுக்காடாகவும், 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாகவும் இருக்கிறது. வென்றால் வருமான வரி 30 விழுக்காடு, அதற்கு மேல் செஸ். தோற்ற போட்டிகளுக்குக் கட்டிய தொகையை அதில் கழித்துக்கொள்ள முடியாது.

எனவே, அடுத்த முறை இத்தகைய வெற்றிச் செய்தியை வெளியிடும்போது, நுழைவுத் தொகை, நுழைவுகளின் எண்ணிக்கை, மொத்தப் பரிசுத் தொகை ஆகிய மூன்றையும் முதல் பரிசுக்குப் பக்கத்திலேயே அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதைக் கழித்துக்கொள்ளும் வேலையை வாசகர்களே செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மன்னார்குடி