அளவுத்திருத்தப் பதிவு இல்லாத ஜைரோஸ்கோப்பை நம்பி நிலம் அளக்கலாமா?

ஆசிரியர் அவர்கட்கு,

ட்ரோன்களைக் கொண்டு வயல்நிலங்களையும் கரையோரங்களையும் அளவையிடுவது குறித்து உங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். கமராவின் தெளிவு, மின்கலம் தாக்குப்பிடிக்கும் நேரம், சமிக்ஞை கிடைக்கும் செய்மதிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை விரிவாக விளக்கிய அக்கட்டுரை, ட்ரோன் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அதற்கு அறிவிக்கும் ஜைரோஸ்கோப்பைப் பற்றி எதுவும் கூறவில்லை. அளவீட்டுக் கருவிகளோடு தொழில் புரிபவன் என்ற முறையில் இதனைச் சுட்டிக்காட்டுவது என் கடமை எனக் கருதுகிறேன். கருவி வாங்கும்போது ஜைரோஸ்கோப்பின் அளவுத்திருத்தப் பதிவை, அதாவது அதன் வாசிப்புகளைத் தெரிந்த பெறுமானங்களோடு ஒப்பிட்டுப் பிழைகளைக் குறித்த பதிவை, கேட்கும் வழக்கம் எம்மிடையே இல்லை. அது இனியாவது ஏற்பட வேண்டும்.

கருவி தன் அசைவைத் தானே அளந்து இடமறியும் முறையான சடத்துவ வழிநடத்தலில் (inertial navigation) ஜைரோஸ்கோப் சுழலும் வேகமாகிய கோணவேகத்தையும் ஆர்முடுகல்மானி ஆர்முடுகலையும் அளக்க, கணினி அவற்றைக் கணத்துக்குக் கணம் கூட்டித் தொகையிட்டுத் திசையையும் வேகத்தையும் இடத்தையும் கண்டறிகிறது. வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் தேவைப்படாதது இம்முறையின் பெரும் பலம். ஆனால் தொகையிடும்போது வழுவும் சேர்ந்தே வளர்கிறது. ஒரு ஜைரோஸ்கோப்பில் மணித்தியாலத்துக்கு 10 பாகை அளவிலான பூச்சிய வழு, அதாவது அசையாதிருக்கும்போதும் சுழல்வதாகக் காட்டும் பிழை, எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். கருவி கிடையாக இருந்தும் அது சாய்கிறது என்று கணினி எண்ணத் தொடங்கும். புவியீர்ப்பின் ஒரு பங்கைக் கிடையான ஆர்முடுகலாகக் கணக்கில் சேர்த்துவிடும். வேறெதுவும் திருத்தாதவிடத்து ஒரு நிமிடத்தில் இடம் சுமார் 17 மீற்றர் பிசகும். இரண்டு நிமிடங்களில் சுமார் 137 மீற்றர். பத்து நிமிடங்களில் ஏறத்தாழ 17 கிலோமீற்றர். காலம் இரட்டித்தால் பிசகு எட்டு மடங்காகும் என்பதே இக்கணக்கின் கொடுமை. பயணிகள் விமானங்களில் உள்ள கருவிகளின் பூச்சிய வழு மணித்தியாலத்துக்கு 0.01 பாகை அளவிலானது. அவைகூடச் செய்மதியின் துணையின்றி மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு கடல் மைல் வரை விலகக்கூடும்.

பூச்சிய வழுவைக் காண்பதற்கு உயர்தரக் கருவிகளில் பூமியின் சுழற்சியையே பயன்படுத்துவார்கள். பூமி மணித்தியாலத்துக்கு 15.04 பாகை சுழல்கிறது. கொழும்பு ஏறத்தாழ 6.9 பாகை வட அகலக்கோட்டில் அமைந்திருப்பதால், வடக்கு நோக்கிக் கிடையாக வைத்த ஜைரோஸ்கோப் அதில் 14.9 பாகையையும், நிலைக்குத்தாக வைத்தது 1.8 பாகையையும் மட்டும் உணரும். முதலில் வடக்கு நோக்கியும் பின்னர் தெற்கு நோக்கியும் வைத்து இரு வாசிப்புகளைப் பெற்றால், அவற்றின் கூட்டுத்தொகையின் அரைவாசி பூச்சிய வழு. வித்தியாசத்தின் அரைவாசி பூமிச் சுழற்சியின் வடதிசைக் கூறு. இலண்டனில் இந்த வடதிசைக் கூறு 9.4 பாகை அளவே. மத்தியகோட்டுக்கு அருகில் வாழும் நாம் ஒளியைக் கொண்டு சுழற்சியை அளக்கும் உயர்தர ஒளியிழை ஜைரோஸ்கோப்பைக் கொண்டு வடக்கைக் கண்டறிவதற்கு ஐரோப்பியரை விட வாய்ப்பான இடத்தில் இருக்கிறோம் என்பதை எமது பௌதிகவியல் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பூச்சிய வழுவோடு வேலை முடிந்துவிடுவதில்லை. உணரியின் வெளியீட்டை உண்மையான கோணவேகமாக மாற்றும் எண்ணாகிய அளவுத்திட்டக் காரணியில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை இருந்தால், ஒரு கோபுரத்தைப் பத்துத் தடவை ஒரே திசையில் சுற்றிவரும் ட்ரோனின் திசைக்கணக்கு 36 பாகை பிசகும். அதே ட்ரோன் வயலின் மேல் வலமும் இடமுமாக மாறிமாறித் திரும்பினால் அப்பிழை பெரும்பாலும் தானே கழிந்து மறைந்திருக்கும். உணரியின் அச்சுகள் ஒன்றுக்கொன்று சரியான செங்கோணத்தில் அமையாவிட்டால் ஓர் அச்சின் சுழற்சி மற்றதில் கசியும். இவ்விரண்டையும் அறிய, துல்லியமாகத் தெரிந்த வேகத்தில் சுழலும் மேசை தேவை. வெப்பநிலையை மாற்றக்கூடிய அறையும் தேவை, ஏனெனில் ட்ரோன்களில் உள்ள சிலிக்கன் ஜைரோஸ்கோப்புகளின் வழுக்கள் வெப்பத்தோடு மாறுபவை. களத்தில் ட்ரோனைச் சமதரையில் அசையாது வைத்துச் செய்யும் திருத்தம் அந்தக் கணத்தின் பூச்சிய வழுவை மட்டுமே நீக்குகிறது. குளிரூட்டிய அலுவலக அறையில் அதனைச் செய்துவிட்டு மன்னாரின் நண்பகல் வெயிலில் பறக்கவிடுபவர், திருத்தாத கருவியையே பறக்கவிடுகிறார் என்பது என் உறுதியான கருத்து.

அச்சு விடயத்தில் அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2013 ஜூலை 2 ஆம் திகதி கசகஸ்தானிலுள்ள பைக்கனூர் ஏவுதளத்தில் உலகம் கண்டது. கோணவேக உணரிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்த ரஷ்யாவின் புரோட்டோன்-எம் ரொக்கெட், மூன்று குளோனாஸ் (ரஷ்யாவின் வழிகாட்டல்) செய்மதிகளோடு புறப்பட்டு அரை நிமிடமளவில் நிலத்தில் வீழ்ந்து வெடித்தது.

எமது சூழலில் விளைவுகள் இவ்வளவு பயங்கரமாக இரா. ஆனால் கண்ணுக்குப் புலப்படாமல் நிகழும். கொழும்புத் தெற்குத் துறைமுகத்தைப் போன்று சுமார் 18 மீற்றர் ஆழமுள்ள நீரில், அளவைப் படகின் பக்கச் சாய்வு அரைப் பாகை தவறாகக் கணிக்கப்பட்டால், ஆழத்தை அளக்க நிலைக்குத்துக்கு 60 பாகை சாய்வில் அனுப்பப்படும் ஒலிக் கற்றையின் எதிரொலி காட்டும் ஆழம் சுமார் 27 சென்ரிமீற்றர் பிழைக்கும். சமமான கடலடியில் ஒரே கோட்டில் எதிரெதிர்த் திசைகளில் ஓடி இரு அளவைகளையும் ஒப்பிட்டால், பொருத்திய கோணத்தின் பிழை வெளிப்பட்டுவிடும். இதற்குச் செலவாவது சிறிது எரிபொருளும் பொறுமையும் மட்டுமே.

செய்மதிச் சமிக்ஞை இருக்கையில் இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பறக்கும்போதே ஜிபிஎஸ் வாசிப்போடு ஒப்பிட்டுக் கணினி வழுவைத் திருத்திக்கொள்வது உண்மைதான். ஆயினும் ஒரே வேகத்தில் நேர்கோட்டில் செல்லும்போது திசை ஜைரோஸ்கோப்பின் வழுவைப் பிரித்தறிவது அம்முறைக்கு மிகவும் கடினம். பாரசீக வளைகுடாவிலும் செங்கடலிலும் கப்பல்களினதும் விமானங்களினதும் ஜிபிஎஸ் சமிக்ஞை குழப்பப்பட்டதாக அண்மைய ஆண்டுகளில் பலமுறை செய்திகள் வந்துள்ளன. இங்கிருந்து செல்லும் கப்பல்களும் விமானங்களும் அவ்வழிகளைப் பயன்படுத்துகின்றன. சமிக்ஞை குழம்பும்போது நம்பியிருக்க வேண்டியது ஜைரோஸ்கோப் போன்ற உள்ளகக் கருவிகளையே.

மரக்கறிக் கடைத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும் என்பது எமது நாட்டின் நடைமுறை. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் அதற்கு ஆதாரமாக உள்ளது. காணியின் எல்லையையும் கப்பற் பாதையின் ஆழத்தையும் தீர்மானிக்கும் கருவியிடம் அதே ஒழுங்கை எதிர்பார்ப்பது மிகையாகாது. அரச நிறுவனங்கள் அளவைக் கருவிகளுக்கு விலைமனுக் கோரும்போது, அளவுத்திருத்தம் செய்த திகதி, செய்த வெப்பநிலை வீச்சு, பூச்சிய வழு, அளவுத்திட்டக் காரணி, அச்சுப் பிசகு ஆகியவற்றின் பெறுமானங்களையும், கருவியைப் பல மணித்தியாலங்கள் அசையாது வைத்துப் பெற்ற, வாசிப்பு காலத்தோடு எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டும் அலன் மாறற்றிறன் (Allan variance) வரைபையும் கட்டாயமாகக் கோர வேண்டும். திருத்தக்கூடிய வழு எது, திருத்தவே முடியாத இரைச்சல் எது என்பதை அவ்வரைபே வேறுபடுத்திக் காட்டும். மேலும், தனித்தனி நிறுவனங்கள் வாங்குவதற்குச் சுழல் மேசையும் வெப்ப அறையும் விலை மிகுந்தவை என்பதால், பல்கலைக்கழகங்களும் தனியார் அளவையாளர்களும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தத்தக்க பொது வசதியொன்றைக் கொழும்பில் அமைப்பது குறித்து உரிய அமைச்சு ஆராய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
அளவீட்டுக் கருவிப் பொறியியலாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.