வெங்காயத் தறையில் என்னோடு நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் கணிதத்தைச் சிறப்புப் பாடமாகப் படித்தவள் நான். வெங்காயப் பாத்திகளுக்கு இடையில் தானாக ஓடிக் களையை இனங்காணும் சின்ன ரோபோ ஒன்றைத்தான் இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்தேன். போன கிழமை ஆய்வேட்டைக் கையளித்துவிட்டேன். அதில் என் பெயர் மட்டும் இருப்பது மனதை உறுத்துகிறது. அதனால் இந்த மடல்.

முதல் நன்றி என் மேற்பார்வையாளர் சேருக்கு. ரோபோ தான் நிற்கும் இடத்தை அறிய, 1960இல் ருடொல்ஃப் கல்மன் வெளியிட்ட வடிகட்டி முறையைப் பாவித்தேன். அப்பலோ விண்கலங்களின் வழியறியவும் உதவிய கணிதம் அது. சில்லு சுற்றிய கணக்கை வைத்து ஓர் ஊகம், கமரா காண்பதை வைத்து ஓர் அளவீடு. இரண்டிலும் பிழை இருக்கும். எதை எவ்வளவு நம்பலாம் என்று சமன்பாடு சொல்லும். ஆனால் பிழையின் அளவை நாங்கள்தான் கொடுக்கவேண்டும். நானோ மேசையில் இருந்தபடி ஓர் எண்ணைப் போட்டிருந்தேன். சேர் தாளைத் திருப்பித் தந்து, "தறையில போய் அளந்துகொண்டு வாரும்" என்றார். என் ஆய்வு தொடங்கியது அன்றுதான்.

அளக்கப் போனது உரும்பிராயில் மாமியின் தோட்டத்துக்கு. இறைப்பு முடிந்த கையோடு ஓடவிட்டேன். செம்மண் சேறு அப்பி, சில்லு நின்ற இடத்திலேயே சுழன்றது. திரையில் ரோபோ பாத்தியின் கடைசிக்குப் போய்விட்டது. கண்ணெதிரே ஒரு முழம்கூட நகரவில்லை. மிதிபட்ட வெங்காயத்தை மாமி தன் கையாலேயே திரும்ப ஊன்றிவிட்டு, "மண் காய்ஞ்சாப் பிறகும் ஒருக்கா ஓட்டிப் பார் பிள்ளை" என்றார். ஈர மண்ணுக்கு ஒரு பிழை அளவு, காய்ந்த மண்ணுக்கு வேறொன்று என்று நான் எழுதிய அதிகாரம் முழுக்க அந்த வார்த்தையில் இருந்து வந்தது.

கோரைப்புல்லைப் பிரித்தறியக் கற்றுத் தந்ததும் அவர்தான். படங்களைக் காட்டி நான் பயிற்றிய நரம்பு வலையமைப்பு என்ற கணினி நிரல் இளங்கோரையை வெங்காயத்தாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மாமி இரண்டையும் பிடுங்கி என் விரலிடையில் வைத்து உருட்டச் சொன்னார். வெங்காயத்தாள் குழல், உருண்டு போகிறது. கோரைத் தண்டில் மூன்று விளிம்பு தட்டுப்படுகிறது. இலையிலும் நடுவே பள்ளம். மேலிருந்து எடுத்த என் படங்களில் அது ஒன்றும் தெரியவில்லை. கமராவைத் தாழ்த்திப் பக்கவாட்டில் திரும்ப எடுத்தோம். தவறுகள் நன்றாகக் குறைந்தன.

கொக்குவில் சைக்கிள் கடை அண்ணை, பழைய ரயரை வெட்டிச் சில்லுக்குச் சுற்றித் தந்தீர்கள். காசு நீட்டியபோது, "முதல்ல ஓடட்டும்" என்றீர்கள். ஓடுகிறது, அண்ணை.

மோட்டார் எரிந்த அன்று, கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் நண்பர்கள் தங்களிடம் இருந்ததைக் கழற்றி பஸ்ஸில் கொண்டுவந்து தந்தார்கள். விடுதித் தோழியர் இரவிரவாக இருந்து படங்களில் களையைச் சுற்றிக் கட்டம் போட்டார்கள். அம்மா, சேறு படிந்த என் உடுப்புகளை ஒரு சொல் சொல்லாமல் தோய்த்தீர்கள்.

இன்னும் குறை இருக்கிறது. பின்னேர வெயிலில் நிழல் நீண்டு விழுந்தால் ரோபோ தடுமாறுகிறது. மாமி, அடுத்த நடுகைக்கு ஆள் அனுப்புங்கோ. பின்னேரமாகவே வருகிறேன்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் பிள்ளை