எட்டாம் வாரத்து ஊசி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புழக்கடையில் 15 நாட்டுக்கோழிகள் வளர்க்கத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்ததும் மகிழ்ச்சியோடு கவலையும் சேர்ந்தே வந்தது. ஏனெனில் சென்ற கோடையில் என் வீட்டிலிருந்த 22 கோழிகளில் 17, பத்தே நாளில் வெள்ளைக்கழிச்சல் என்னும் கொள்ளைநோயில் மாண்டன.

சந்தையில் வாங்கிய ஒரு சேவலை அன்று மாலையே மற்றவற்றோடு அடைத்ததுதான் நான் செய்த பிழை. புதுக்கோழியை இரண்டு வாரமாவது தனியே வைத்திருக்க வேண்டும். இரண்டாம் நாளே அந்தச் சேவல் இறக்கையைத் தொங்கவிட்டு ஓரமாக நின்றது. எச்சம் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீராய்ப் போயிற்று. அடுத்த வாரம் என் கருப்புப் பெட்டை, கழுத்து முறுக்கிக்கொண்ட நிலையில், தட்டிலிருந்த அரிசியைக் கொத்தப் போய் ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலம் தள்ளி வெறுந்தரையையே கொத்திக்கொண்டிருந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

குஞ்சுப் பருவத்தில் இந்நோய்க்கான தடுப்புச் சொட்டு மருந்து விட்டிருந்தேனே என்று கால்நடை மருத்துவரிடம் ஆதங்கப்பட்டேன். 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ விடும் லசோட்டா மருந்தின் காப்பு நெடுநாள் நிற்காது என்றும், தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியே வந்த எதிர்ப்புச் சக்தி அதன் வேலையைக் குறைத்துவிடக்கூடும் என்றும், ஆகவே 8ஆம் வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் ஆர்2பி என்னும் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும் என்றும் அவர் விளக்கினார். நம்மில் பலரும் முதல் சொட்டோடு நிறுத்திவிடுகிறோம். நானும் அப்படித்தான் நிறுத்தியிருந்தேன். ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடு. ஊசி மருந்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் கொண்டு வந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். வெயிலில் சூடேறிய மருந்தைப் போடுவதும் போடாததும் ஒன்றுதான். மரத்தில் அடைந்து கைக்குச் சிக்காத கோழிகளுக்கென்று, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியாகவே கொடுக்கத்தக்க குருணைத் தடுப்பு மருந்து ஒன்றை உருவாக்கியிருக்கிறது.

கீழாநெல்லியும் சீரகமும் மஞ்சளும் அரைத்த உருண்டை போதாதா என்று கேட்டிருந்தாய். கொடுப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் இது வைரஸ் நோய். வந்தபின் தீர்க்கும் மருந்து கிடையாது, ஆகவே உருண்டையை நம்பி ஊசியை விட்டுவிடாதே.

மிஞ்சியவற்றை உடனே விற்றுவிடு என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அந்தச் சேவலும் அப்படி விற்கப்பட்டுத்தானே என்னிடம் வந்திருக்கும் என்று நினைத்து மறுத்துவிட்டேன். செத்தவற்றை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தேன்.

பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இருவாரத் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். அதற்குள் உன் கோழிகளுக்கு எட்டு வாரம் நிறைந்துவிட்டால் முகாமுக்காகக் காத்திருக்காதே. ஒரு குப்பியைக் கரைத்தால் நூறு கோழிகளுக்கு வரும், மிச்சத்தை எடுத்து வைக்க இயலாது. ஆகவே உன் தெருவில் கோழி வைத்திருப்பவர்களையும் அதே காலையில் கூட்டிக்கொள். குஞ்சுகளுக்கு முதல் சொட்டு என்றைக்கு விட்டாய் என்பதை மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்