பரீட்சை பயத்தையும் பாடமாக நடத்தலாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

மாணவர்களின் மன அழுத்தம் பற்றிப் பேச்சு வந்தாலே ஆலோசகர் வேண்டும், யோகா வேண்டும், விளையாட்டு நேரம் வேண்டும் என்கிறோம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

நான் உயிரியல் ஆசிரியை. அட்ரீனல் சுரப்பி சிறுநீரகத்தின் மேலே இருக்கிறது, அட்ரினலினைச் சுரக்கிறது என்று படம் வரைந்து பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்குகிற அதே பிள்ளை, தேர்வு அன்று காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தான் படித்த சுரப்பியின் வேலைதான் இது என்று அறியாமல் தவிக்கிறது. பக்கத்தில் இருப்பவர்களோ 'சும்மா நடிக்காதே' என்று அதட்டுகிறார்கள். நடிப்பே இல்லை. ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டவுடன் ரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்குத் திரும்புகிறது, வயிறு பிசைகிறது, வாய் வறள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது.

கொஞ்ச நேரப் படபடப்பு கெடுதல் இல்லை, கவனத்தைக் கூட்டவும் செய்யும். வாரக்கணக்கில் நீடித்தால்தான் சிக்கல். 1998-ல் வெளியான ஓர் ஆய்வை வகுப்பில் சொல்வேன். பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் ஒரு சின்னக் காயம் உண்டாக்கினார்கள், ஒரு முறை கோடை விடுமுறையில், இன்னொரு முறை தேர்வுக்கு 3 நாள் முன்னால். அதே ஆட்கள், அதே அளவுக் காயம். தேர்வு நேரத்தில் அது ஆறுவதற்குச் சராசரியாக 3 நாள் கூடுதலாக ஆனது. "அப்போ பரீட்சை நேரத்துல எனக்குச் சளி பிடிக்கிறதும் இதனாலயா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். இருக்கலாம் என்றேன். மன அழுத்தம் கூடக் கூடச் சளி பிடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது என்று 1991-லேயே காட்டியிருக்கிறார்கள்.

சிரிப்பு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, சிரிப்பு மருந்துக்கு மாற்று இல்லை. ஆனால் நன்றாகச் சிரித்த பிறகு வலியைத் தாங்கும் சக்தி கூடுகிறது என்று பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பார் குழுவினர் 2011-ல் காட்டினார்கள், வலியைத் தணிக்க உடம்பே சுரக்கும் எண்டார்பின்தான் காரணம் என்பது அவர்கள் கணிப்பு. சரி, அதற்காகப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துச் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை, அவர்களாகச் சிரிக்கும்போது அதட்டி அடக்காமல் இருந்தாலே போதும்.

இதையெல்லாம் சொல்லித் தரத் தனிப் புத்தகம் எதுவும் தேவையில்லை. மணிக்கட்டில் விரல் வைத்துத் துடிப்பைப் பார்க்கச் சொல்லி, மூச்சை மெதுவாக, நீளமாக விடச் சொல்லுங்கள். மூச்சு வெளியே போகும்போது துடிப்பு தளர்வதைப் பலர் தங்கள் விரலிலேயே உணர்வார்கள், முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியம் வரும். அப்புறம் இதயத் துடிப்பைத் தளர்த்துகிற வேகஸ் நரம்பைப் பற்றிச் சொன்னால் யாரும் மறக்க மாட்டார்கள்.

பாடத்திட்டம் தயாரிப்பவர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள். சுரப்பிகள் பாடத்தோடு இதையும் சேருங்கள், ஆனால் மதிப்பெண் வைக்காதீர்கள். அப்புறம், பல வாரமாகத் தூங்காத, சாப்பிடாத பிள்ளையை இந்தப் பாடத்தோடு நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதை ஆசிரியர் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்,
உயிரியல் ஆசிரியை ஒருவர்