தொப்பை கரைக்கும் விளம்பரங்களை ஏற்காதீர்கள்: தமிழ் நாளிதழ், தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் உணவு ஆலோசகராகப் பணிபுரிகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு சூரண டப்பாவையோ, இடுப்பில் கட்டும் வியர்வை பெல்ட்டையோ வாங்கிப் பார்த்தவர்கள். 'ஒரே மாதத்தில் தொப்பை கரையும்' என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுத்தவர்கள். அந்த விளம்பரங்களை இனி ஏற்காதீர்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மருந்துகள், மாயத் தீர்வுகள் தொடர்பான ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க 1954இலேயே சட்டம் வந்துவிட்டது. எந்தெந்த நோய்களுக்கு மருந்து விளம்பரம் கூடாது என்ற அதன் பட்டியலில் சர்க்கரை நோய், புற்றுநோய் ஆகியவற்றோடு உடற்பருமனும் இருக்கிறது. விற்பவரோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அத்தகைய விளம்பரத்தை வெளியிடுவதில் எவ்வகையிலும் பங்கு கொள்ளக்கூடாது என்கிறது அதன் 3ஆவது பிரிவு. முதல் முறை குற்றத்துக்கே 6 மாதம் வரை சிறை விதிக்க இடமுண்டு. திரையின் மூலையில் 'விளம்பரதாரர் நிகழ்ச்சி' என்று சிறிய எழுத்தில் போட்டுவிட்டால் பார்ப்பவருக்குச் செய்ய வேண்டிய கடமை தீர்ந்துவிடுமா?

பெல்ட்டை அவிழ்த்ததும் இடுப்பில் சிவந்த தடம் தெரியும், துணி நனைந்திருக்கும். எடை பார்க்கும் கருவியும் அரை கிலோ குறைந்ததாகக் காட்டும். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் அந்த அரை கிலோ திரும்பிவிடும். போனது வியர்வைதான், கொழுப்பு அப்படியே இருக்கிறது. வயிற்றுப் பயிற்சிகளை மட்டும் நூற்றுக்கணக்கில் செய்தாலும் இதே கதைதான். உள்ளே தசை வலுவாகும், மேலிருக்கும் கொழுப்பு அங்கிருந்து மட்டும் தனியாகக் கரையாது. உடல் முழுவதும் குறையும்போதுதான் வயிறும் குறையும்.

இதை அழகுப் பிரச்சினையாகக் காட்டுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஈரலைச் சுற்றியும் குடலைச் சுற்றியும் சேரும் கொழுப்பு சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழி திறக்கிறது. இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கை எல்லை. கை, கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பவர் எடையை மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுகிறார். பேண்ட் அளவும் ஏமாற்றும், ஏனென்றால் அதைத் தொப்பைக்குக் கீழேதான் அணிகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் டேப் வைத்து அளக்க வேண்டும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, வயது வந்தோரில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகச் சொன்னது. உங்கள் வாசகர்களிலும் பார்வையாளர்களிலும் இவர்கள் இருக்கிறார்கள்.

இவர்களுக்கு விளம்பரம் சொல்லாதது, அவர்கள் தட்டில் இருக்கிறது. நம் மதியச் சாப்பாட்டில் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு மூன்று முறை விழுகிறது. கூட்டோ பொரியலோ ஓரத்தில் ஒரு கரண்டி. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இது மிக அதிகம். சோற்றை விட்டுவிடச் சொல்வதில்லை நான். ஒரு முறை மட்டும் வாங்கி, பருப்பு கெட்டியாக இருக்கும் சாம்பாரோடு காய்கறியை இரட்டிப்பாக்கி, கூடவே முட்டையோ மீனோ சுண்டலோ சேர்க்கச் சொல்கிறேன். புரதம் கூடினால் பசி அடங்கும், தசையும் தேயாது. மாலைத் தேநீரின் சர்க்கரையும் பஜ்ஜியும் இரவு பத்து மணிப் பரோட்டாவும் தனிக்கணக்கு. வாரம் முழுவதும் கட்டுப்பாடாக இருந்து ஞாயிறு அன்று இரண்டு விருந்தில் அதைக் கலைத்துவிடுகிறவர்களையும் பார்க்கிறேன்.

உடற்பயிற்சிக்கும் ஜிம் கட்டணம் தேவையில்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை, அதாவது பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில். இரண்டு நாள் தசைப் பயிற்சி: கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால் எடுப்பது. வீட்டு வேலையே போதும் என்று பெண்களிடம் சொல்லிச் சொல்லியே அவர்களுக்கான அரை மணி நேரத்தையும் நாம் பறித்துக்கொண்டோம். அந்த நேரத்தை வீட்டிலிருப்பவர்கள் பங்குபோட்டு ஈடுசெய்ய வேண்டும் என்று உங்கள் பெண்கள் பக்கம் எழுதலாமே. பலன் தெரிய மாதங்கள் ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவசரம்தான் மக்களை அந்த டப்பாக்களிடம் அனுப்புகிறது.

விளம்பர வருமானம் இல்லாமல் பத்திரிகை நடத்துவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்த ஒரு வகையை மட்டும் மறுத்துவிடுங்கள் என்கிறேன். அந்த இடத்தில் போட, இடுப்பை அளக்கும் முறையிலிருந்து ஒரு வாரச் சமையல் பட்டியல் வரை நான் எழுதித் தருகிறேன். சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகியான ஓர் உணவு ஆலோசகர்