தவில்காரர் வீட்டில் ஒரு டெத் மெட்டல் கேசட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைக் கட்டுரையில், டெத் மெட்டல் என்ற அதிரடியான ராக் இசையைப் பற்றி இரண்டே வரிதான் இருந்தது. தாளம் கிடையாது, வெறும் கூச்சல், பையன்களைக் கெடுக்கிறது என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் குத்தாலம் பக்கத்தில் தவில் வாசிக்கும் குடும்பத்தில் பிறந்தவன். தாளத்தைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

1994இல் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தபோது, நண்பன் ஒருவன் ‘ஹ்யூமன்’ ஆல்பத்தைக் கேசட்டில் பதிந்து கொடுத்தான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ‘டெத்’ குழு 1991 அக்டோபரில் வெளியிட்டது. 8 பாட்டு, மொத்தம் 34 நிமிடம்தான். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்திலேயே அடங்கிவிட்டது. டிசம்பர் லீவில் ஊருக்கு வந்து திண்ணையில் போட்டேன்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் அப்பா வீட்டில் இருந்தார். கைக்கூடு செய்துகொண்டிருந்தார். தவிலின் வலந்தலையை வாசிக்கும் விரல்களுக்கு மாட்டுவது அது. துணிப்பட்டையில் பசை தடவி, விரல் கனத்துக்குச் சுற்றி, காயவிட்டு, மறுபடி சுற்ற வேண்டும், கல் மாதிரி இறுகும் வரைக்கும். ஆல்பத்தின் முதல் பாட்டு டிரம்ஸில்தான் தொடங்கும். எடுத்த எடுப்பில் காதில் அறையாது. எங்கோ தூரத்தில் கேட்டு, மெல்ல மெல்லப் பெரிதாகி வரும். சாமி புறப்பாடு மேலவீதியில் வரும்போது கீழவீதியில் நிற்பவனுக்குத் தவில் கேட்குமே, அப்படி. அப்பா பசைக் கையோடு நிமிர்ந்தார்.

“எத்தனை பேருடா வாசிக்கிறது?”

“ஒருத்தர்தான்ப்பா. காலாலயும் வாசிக்கிறார்.”

அப்புறம் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். நாலில் பிடித்தார், பாட்டு நழுவியது. விட்டுவிட்டு மறுபடி பிடித்தார், மறுபடியும் நழுவியது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், “நடையை மாத்துறான். ஆனா கணக்கு விடல” என்றார். அப்பா யாரையும் சுலபத்தில் பாராட்டுகிறவர் இல்லை.

அந்த டிரம்ஸ் வாசித்தவர் ஷான் ரைனர்ட். பதிவின்போது 20 வயதுகூட நிரம்பியிருந்ததோ என்னவோ, அவ்வளவு சின்னப் பையன். ஜாஸ் கேட்டுப் பழகிய கை. பேஸ் கிடார் வாசித்த ஸ்டீவ் டிஜார்ஜியோ, மெட்டு (விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் குறுக்குக் கம்பி) இல்லாத பேஸ் கிடாருக்குப் பேர்போனவர். வீணைக்கும் கோட்டுவாத்தியத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். விரல் எங்கே நிற்கவேண்டும் என்று மெட்டு சொல்லாது, காதுதான் சொல்ல வேண்டும். பழைய பதிவில் இந்த பேஸ் கிடார் மற்ற சத்தத்துக்கு அடியில் புதைந்து கிடந்தது. 2011இல் புதிதாக மிக்ஸ் செய்து வெளியிட்டபோதுதான் தெளிவாகக் காதில் விழுந்தது. 17 வருடம் கேட்டுத் தேய்ந்த ஆல்பத்தில் எனக்கு ஒரு வாத்தியம் புதிதாகக் கிடைத்தது!

குரல் மட்டும் அப்பாவுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. “இப்படிக் கத்துனா தொண்டை என்னத்துக்கு ஆகும்” என்று கவலைப்பட்டார். எனக்கு அந்தக் குரல் வீரனார் கோயிலில் அருள் வந்து ஆடுகிறவர் குரலாகவே கேட்கிறது. அதை நாம் கூச்சல் என்று சொல்வதில்லை.

பாடுவதெல்லாம் சாவைப் பற்றித்தானே என்பார்கள். காத்தவராயன் கழுவேறும் கதையை விடிய விடியக் கேட்டு அழுத ஊர் இது. சாவைப் பாடுவது நமக்குப் புதிதா? குழுவைத் தொடங்கி, பாட்டெழுதிப் பாடிய சக் ஷுல்டினர் ஆரம்பத்தில் ரத்தம், பிணம் என்றுதான் எழுதினார், மறுக்கவில்லை. நாலாவது ஆல்பமான ‘ஹ்யூமன்’ வந்தபோது மனிதர்களைப் பற்றி எழுத வந்துவிட்டார். ஒரு பாட்டு ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் பற்றியது. இன்னொன்று, அடுத்தவர் படும் வேதனையைக் கண்டும் காணாமல் இருப்பவர்களைக் கேள்வி கேட்கிறது. ‘லாக் ஆஃப் காம்ப்ரிஹென்ஷன்’ என்ற பாட்டு, தமக்குப் புரியாத ஒன்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு, ஓர் உயிர் வீணாய்ப் போனதில் தமக்குள்ள பங்கை மறுப்பவர்களைப் பற்றியது. கட்டுரையாளர் இந்த ஒரு பாட்டையாவது கேட்டுவிட்டு எழுதியிருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.

சக்குக்கு 1999இல் மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. 2001 டிசம்பர் 13 அன்று இறந்தார். வயது 34. ரைனர்ட்டும் 2020 ஜனவரியில், 48 வயதில் போய்விட்டார். அன்றைக்கு வெகு நேரம் அந்த முதல் பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது அவள் போனிலும் இருக்கிறது.

கேசட்டையும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். மறுபக்கம் காலியாக இருந்ததால், அடுத்த ஐப்பசியில் மாயவரம் துலா உற்சவத்தில் அப்பா வாசித்ததை அதில் பதிந்தேன். அப்பா இப்போது இல்லை. கட்டுரையாளர் மாயவரம் பக்கம் வந்தால் அவசியம் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். இரண்டு பக்கத்தையும் போட்டுக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தவில்காரர் மகன்,
குத்தாலம்.